லிட்டில் மோர்ட்டன் ஹால் ஏன் கோணலாக இருக்கிறது, ஏன் இன்னும் விழவில்லை?

கேள்வி இது: இங்கிலாந்தில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற பழைய மரச்சட்ட வீட்டின் படத்தைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட வீடு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கோணல். இப்படியே கட்டினார்களா, பிறகு சாய்ந்ததா? சாய்ந்தது என்றால் 500 வருடமாக எப்படி நிற்கிறது? நிமிர்த்தி வைத்தால் என்ன?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டும்போது நேராகத்தான் கட்டினார்கள். கோணலில் ஒரு பங்கு, ஈரம் காயாத பச்சை மரத்தில் கட்டியதால் வந்தது. பெரும்பங்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே திட்டத்தை மாற்றி உச்சியில் ஏற்றிய ஒரு நீளமான கூடத்தால் வந்தது. அப்படியும் அது விழாததற்குக் காரணம் மூட்டுகள். அந்த வீட்டின் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் அசைய இடம் கொடுக்கும், ஆனால் கழன்று வராது. இனி விரிவாகப் பார்ப்போம்.

வீடு இருப்பது இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள செஷயர் மாவட்டத்தில், காங்கிள்டன் என்ற ஊருக்குத் தென்மேற்கே சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில். சுற்றிலும் 10 மீட்டர் அகலத்துக்கு அகழி. கல் பாலத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக முடியும். அகழி என்றதும் கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தாலான வீட்டைச் சுற்றி அகழி வெட்டி எந்தப் படையையும் தடுத்துவிட முடியாது. இங்கே இருப்பவர் பெரிய மனிதர் என்று போகிறவர் வருகிறவருக்குச் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. கழிப்பறைகளின் கழிவும் நேராக அகழியில்தான் போய் விழுந்தது.

மோர்ட்டன் குடும்பத்தார் பிரபுக்கள் அல்லர். மிராசுதார்கள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயில் ஊர் ஊராக ஆட்கள் செத்துப்போன பிறகு நிலம் மலிவாகக் கிடைத்தது. அப்போது வாங்கிப் போட்டார்கள். பிறகு மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடம் 1,360 ஏக்கர் நிலமும் இரண்டு தண்ணீர் ஆலைகளும் இருந்தன. கையில் பணம் இருந்தது, பட்டம் இல்லை. இந்த வீட்டைப் புரிந்துகொள்ள இது முக்கியம், ஏனென்றால் இங்கே தேவைக்குக் கட்டியதைவிட ஊர் பார்க்கக் கட்டியதே அதிகம்.

ஒரே மூச்சில் கட்டிய வீடும் அல்ல இது. முதல் பகுதியான பெரிய கூடமும் அதை ஒட்டிய கிழக்குக் கட்டின் வடபாதியும் 1504 முதல் 1508-க்குள் எழுந்தன. அப்புறம் தேவாலய அறை, 1559-ல் முற்றத்துப் பெரிய சன்னல்கள், 1560-களின் தொடக்கத்தில் வாசல் மாடத்தோடு சேர்ந்த தெற்குக் கட்டு, கடைசியாக 1610 வாக்கில் சமையல் சார்ந்த சில அறைகள். ஏறக்குறைய நூறு வருடத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ஒட்டிக்கொண்டே போனார்கள். கல் பாவிய சின்ன முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கம் கட்டடம், ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒத்துப்போகாது. வரைபடம் போட்டு ஒரே ஆள் திட்டமிட்டிருந்தால் இந்த வீடு இவ்வளவு அழகாக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

செஷயர் சமவெளி களிமண் பூமி. ஓக் மரம் தாராளமாக இருந்தது. நல்ல கட்டடக் கல் வேண்டுமென்றால் கிழக்கே மலை ஓரத்திலிருந்து வண்டியில் வர வேண்டும். அதனால் அங்கே கல் அடித்தளத்துக்கும் கூரைக்கும் மட்டும், உடம்பு முழுக்க மரம். இப்போது அந்த மரவேலைக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து ஆங்கிலேயத் தச்சர்கள் மரத்தை வெட்டிக் காயவைத்து வேலை செய்யவில்லை. வெட்டிய ஓராண்டு, ஈராண்டுக்குள், சாறு இன்னும் ஈரமாக இருக்கும்போதே செதுக்கினார்கள். காரணம் எளிது. ஓக் மரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது. பச்சையாக இருக்கும்போது கோடாலிக்கும் வாச்சிக்கும் நன்றாக வசப்படும். அதோடு, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது மரம் காயத் தச்சர்கள் வைத்திருந்த பழைய கணக்கு. ஓர் அடிக் கனமுள்ள தூண் காயும் வரை காத்திருந்தால், வீடு கட்டச் சொன்னவருக்குப் பேரன் பிறந்திருப்பான்.

ஆக, வீடு எழுந்து நின்ற பிறகுதான் மரம் காய ஆரம்பிக்கும். காயும்போது ஓக் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்கும். அதிலும் மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தைச் சுற்றிச் சுருங்குவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் சதுரமாக அறுத்த கட்டை சதுரமாக இருக்காது. ஒரு மூலை இழுக்கும், முகத்தில் நீளமாக வெடிப்பு விடும், நார் சுழன்று வளர்ந்த கட்டை முறுக்கிக்கொள்ளும். இந்த வீட்டுத் தூண்களில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகளைப் பார்த்துப் பலர் பயந்துபோவார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. வெடிப்பு நார் போகும் திசையிலேயே போவதால் தூண் சுமை தாங்கும் திறன் அவ்வளவாகக் குறையாது. முதல் சில பத்தாண்டுகளிலேயே வந்து முடிந்துபோன வெடிப்புகள் அவை.

மூட்டு வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு கட்டையின் நுனியை மெல்லிய கழுந்தாகச் செதுக்குவார்கள். இன்னொரு கட்டையில் அதே அளவுக்கு உளியால் துளை குடைவார்கள். கழுந்தைத் துளைக்குள் செருகி, குறுக்கே ஓர் ஓட்டை போட்டு ஓக் முளையை அடித்து இறக்குவார்கள். இதில் ஒரு தந்திரம் உண்டு. துளையுள்ள கட்டையிலும் கழுந்திலும் ஓட்டையை ஒரே நேர்க்கோட்டில் போட மாட்டார்கள். கழுந்தில் உள்ள ஓட்டையை அதன் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் இடத்தை நோக்கி, சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்கும்போது அது வளைந்து இறங்கிக் கழுந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மரம் காய்ந்து சுருங்கினாலும் அந்த இழுப்பு மூட்டைப் பிடித்தபடி இருக்கும். முளையை வாளால் அறுக்க மாட்டார்கள், நார் வழியே பிளந்து எடுப்பார்கள். அப்போதுதான் வளைந்தாலும் ஒடியாது.

ஆணி ஏன் இல்லை என்று கேட்கலாம். இரும்பு அன்று விலை கூடின பொருள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். பச்சை ஓக்கில் இரும்பு ஆணியை அடித்தால் ஈரமும் டானினும் சேர்ந்து ஆணியை அரித்துவிடும், மரத்தைச் சுற்றிக் கருநீலக் கறையும் படியும். மர முளைக்கு அந்தத் தொல்லை இல்லை. வெளிச்சுவரில் உற்றுப் பார்த்தால் மூட்டுக்கு மூட்டு முளையின் தலை தெரியும்.

முழுச் சட்டத்தையும் முதலில் தச்சுப் பட்டறை முற்றத்தில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே அடையாளத்தைக் கீறுவார்கள். பெரும்பாலும் ரோமன் எண்கள், நேர்க்கோடுகளால் ஆனதால் மரத்தில் கீற வசதி. பிறகு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக் கட்டுமிடத்துக்குக் கொண்டுபோய், அடையாளத்தைப் பார்த்து மறுபடி பூட்டித் தூக்கி நிறுத்துவார்கள். அங்கணம் அங்கணமாக, அதாவது இரண்டு தூண் வரிசைக்கு இடைப்பட்ட பகுதி பகுதியாக, வீடு எழும். இன்று தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடு புதுமை என்று விளம்பரம் வருகிறது. செஷயர் தச்சனிடம் சொன்னால் சிரிப்பான்.

சட்டத்தின் அடியில் கல் மேடை. அதன்மேல் படுக்கையாக ஓர் அடிக்கட்டை, அதில் தூண்கள், தூண்தலையில் சுவர் உத்தரம், குறுக்கே விட்டம், மேலே கைமரம். மூலைக்கு மூலை சாய்வுத் தாங்கிகள். இந்தச் சாய்வுக் கட்டைகளை நன்றாகக் கவனியுங்கள். நாலு கட்டையைச் சதுரமாகப் பூட்டினால் அது ஒரு பக்கமாகச் சரிய முடியும். மூலையில் ஒரு சாய்வுக் கட்டையைப் போட்டால் முக்கோணம் உண்டாகும். முக்கோணம் சரியாது. வீட்டின் மானம் இந்தச் சின்னக் கட்டைகளில்தான் இருக்கிறது.

சட்டங்களுக்கு நடுவே உள்ள கட்டங்களை அடைப்பது தனி வேலை. மேல்கட்டையின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளை, கீழ்க்கட்டையின் மேல்பக்கத்தில் ஒரு நீளப் பள்ளம். பிளந்த ஓக் குச்சிகளை மேலே துளையில் செருகிக் கீழே பள்ளத்தில் தள்ளி நிறுத்துவார்கள். அவற்றின் ஊடாக ஹேசல் என்ற புதர்மரத்தின் வளையும் சிம்புகளைக் கூடை பின்னுவதாகப் பின்னி, இரு பக்கமும் களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பிச் சுண்ணாம்பு பூசுவார்கள். இந்தச் சுவர் எதையும் தாங்குவதில்லை, காற்றையும் மழையையும் மறைப்பதோடு சரி. அதனால் சட்டம் அசைந்தால் இதுவும் கூடவே கொஞ்சம் அசையும், லேசாகக் கீறல் விடும், ஒரு கை மண் பூசினால் சரியாகிவிடும்.

செஷயர் பக்கத்தில் இந்தக் கட்டங்களுக்குள்ளேயும் மரத்தை வைத்து விளையாடினார்கள். மீன்முள் வரிசை, சாய்சதுரம், நாலிதழ்ப் பூ. லிட்டில் மோர்ட்டன் ஹாலின் முகப்பு முழுக்க இந்த வேலைப்பாடு. கட்டடம் நிற்க இதில் முக்கால்வாசி தேவையே இல்லை. ஓக் மரத்தை இப்படி அள்ளி வீச எங்களால் முடியும் என்று காட்டுவதற்காக வைத்தது. கீழ்மாடியைவிட மேல்மாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் பாதி அந்த வகைதான். தரைக்கட்டைகளைச் சுவரைத் தாண்டி நீட்டி, நீட்டிய நுனியில் மேல்மாடிச் சுவரை ஏற்றுவார்கள். நுனியில் ஏறும் சுமை உள்ளே நடுப்பகுதி தொய்வதைக் கொஞ்சம் தடுக்கும் என்பது பொறியியல் லாபம். இரண்டு பக்கமும் நீட்ட வேண்டிய மூலையில் மட்டும் கட்டைகள் எந்தத் திசையில் போவது என்ற சிக்கல் வரும். அதற்கு மூலைவிட்டமாக ஒரு கனத்த உத்தரம் போட்டு, இரு பக்கத்துத் தரைக்கட்டைகளையும் அதில் கோத்துவிடுவார்கள். அதைத் தாங்கும் மூலைத்தூணுக்கு, அடிமரம் பருத்திருக்கும் மரத்தைத் தேர்ந்தெடுத்துத் தலைகீழாக நிறுத்துவது வழக்கம். பருத்த பகுதி மேலே வந்தால் நாலைந்து மூட்டுகளுக்கு அங்கே இடம் கிடைக்கும்.

1559-ஆம் ஆண்டுச் சன்னல்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. முற்றத்தின் மூலையில் இரண்டு மாடி உயரத்துக்குப் பல முகம் வைத்து வெளியே துருத்தும் இரண்டு சன்னல்கூடுகள். ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி நெருக்கமாக நிற்கும். அவற்றின் மேல் எழுத்துச் செதுக்கியிருக்கிறது. ஒன்றில், கடவுளே எல்லாவற்றிலும் எல்லாம் என்று தொடங்கி, இந்தச் சன்னல்களைச் செய்வித்தவர் வில்லியம் மோர்ட்டன் என்று ஆண்டோடு இருக்கிறது. அடுத்ததில், கடவுளின் அருளால் இவற்றைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல் என்று இருக்கிறது. செலவு செய்தவர் பெயர் எல்லாக் கட்டடத்திலும் இருக்கும். உளி பிடித்தவன் பெயர் அதே உயரத்தில், அதே எழுத்தில் இருப்பது அபூர்வம். அந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கண்ணாடியும் அன்று ஆடம்பரம். பெரிய கண்ணாடித் தகடு செய்யத் தெரியாத காலம். சின்னச் சின்னத் துண்டுகளை ஈயச் சட்டத்தில் கோத்துத்தான் சன்னல் ஆகும். இந்த வீட்டில் அப்படி 30,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டு. வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று வெளிச்சுவர் வேலைப்பாட்டுக்கு ஈடாகக் கண்ணாடியிலும் கோலம் போட்டிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இன்றும் நிறைய மிஞ்சியிருக்கிறது. லேசான பச்சை, லேசான பழுப்பு என்று துண்டுக்குத் துண்டு நிறம் மாறும். ஈயம் வளைந்துகொடுக்கும் உலோகம் என்பதால், சட்டம் கோணினாலும் கண்ணாடி உடனே உடைவதில்லை.

சரி, இப்போது கோணலுக்கு வருவோம்.

தெற்குக் கட்டைக் கட்டியவர் அந்த வில்லியமின் மகன் ஜான் மோர்ட்டன். இரண்டு மாடியோடு நிறுத்துவதாகத்தான் முதலில் எண்ணம் இருந்ததாகத் தெரிகிறது. பிறகு, நடுவழியில், அதன் தலைமேல் மூன்றாவதாக ஒரு நீளக்கூடம் சேர்ந்தது. கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 68 அடி நீளம். எலிசபெத் காலத்துப் பெரிய வீடுகளில் இப்படிக் கூடம் வைப்பது பேஷனாக இருந்தது. மழை நாளில் வெளியே போக முடியாதபோது உள்ளேயே நடக்கவும் விளையாடவும்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நாலு டென்னிஸ் பந்துகள் இங்கே மரப்பலகைச் சுவருக்குப் பின்னாலிருந்து கிடைத்திருக்கின்றன. அடித்தவன் தேடிப் பார்த்து அலுத்துப் போயிருப்பான்.

இந்தக் கூடத்தில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, கூரை. அங்கே ஓடு இல்லை, கனத்த மணற்கல் பலகைகள். டன் கணக்கான எடை. இரண்டாவது, சுவர். கூடத்தைச் சுற்றி வரிசையாகச் சன்னல் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சன்னல் இருக்கும் இடத்தில் சாய்வுத் தாங்கி வைக்க முடியாது. சதுரம் சரியாமல் காக்கும் முக்கோணத்தை, எடை அதிகம் இருக்கும் மாடியிலேயே எடுத்துவிட்டார்கள். மூன்றாவது, விட்டம். கூரையின் இரு சரிவுகளும் தம் எடையால் சுவர்களை வெளியே தள்ளும். இரண்டு சுவரையும் குறுக்கே கட்டிப்போடும் விட்டம் இருந்தால் தள்ள முடியாது. ஆனால் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுசாகத் தெரிய வேண்டும் என்று, விட்டத்தை விட்டுவிட்டு வளைந்த தாங்கிகளால் ஆன திறந்த கூரையாக அமைத்தார்கள். பார்க்க உண்மையிலேயே அழகுதான், சரிவுகளில் வரிசை வரிசையாக நாலிதழ் வடிவம். ஆனால் சுவர்களை யார் பிடிப்பது?

யாரும் பிடிக்கவில்லை. சுவர்கள் வெளியே சாய்ந்தன. கீழ்மாடித் தரைக்கட்டைகள் இந்தப் பாரத்தை எதிர்பார்த்து வெட்டியவை அல்ல, அவை தொய்ந்தன. கூடத்தின் தரைப்பலகையில் நடந்தால் மேடும் பள்ளமுமாகக் கால் ஏறி இறங்கும். இன்று அங்கே கூரைத் தாங்கிகளுக்கு நடுவே தெரியும் குறுக்கு விட்டங்கள் பிற்பாடு, அநேகமாக 17-ஆம் நூற்றாண்டில், சேர்த்தவை. கட்டி முடித்துச் சில பத்தாண்டுகளிலேயே யாரோ பயந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதே கூடத்தின் இரு முனைகளிலும் மேலே சுதையில் இரண்டு பெண் உருவங்கள். ஒரு முனையில் சக்கரத்தோடு அதிர்ஷ்ட தேவதை, அறியாமையே இவளது ஆட்சி என்று எழுத்து. மறுமுனையில் விதி, அறிவே இவளது ஆட்சி என்று எழுத்து. ராபர்ட் ரெக்கார்ட் 1556-ல் வெளியிட்ட வானியல் நூலின் படத்தைப் பார்த்துச் செய்தவை இவை. மறு வருடமே அச்சில் முதன்முதலாகச் சமக்குறியைப் போட்ட அதே ரெக்கார்ட்தான். கணித ஆசிரியரின் படத்தை எடுத்து மாட்டியவர்கள் பாரக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

அப்படியானால் ஏன் விழவில்லை? பழைய கயிற்றுக் கட்டிலில் நீங்கள் உட்கார்ந்ததும் அது ஒரு பக்கமாக ஆடிச் சாயும், ஆனால் உடையாது. அதே கதைதான் இங்கேயும். செங்கல்லும் சிமென்ட்டுமாக இருந்தால் ஓர் அளவு வரை அசையாமல் நின்று, அதைத் தாண்டினதும் பிளந்துவிடும். முளை அடித்த மரச்சட்டம் அப்படி இல்லை. ஒரு மூட்டு பாரத்தில் சற்றே திரும்பும். திரும்பினதும் அந்தப் பாரத்தின் ஒரு பங்கு அடுத்த மூட்டுக்குப் போகும். அது கொஞ்சம் திரும்பும், அடுத்தது வாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான மூட்டுகள் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு நிலையில் சட்டம் முழுவதும் புது வடிவத்தில் அடங்கிவிடும். அதற்குள் மரமும் காய்ந்து, கோணிய வடிவத்திலேயே இறுகிவிடும். பச்சை மரத்தில் கட்டியது கோணலுக்குக் காரணம் என்றேன் அல்லவா, பிழைத்ததற்கும் அதுவேதான் காரணம். பச்சை மரம் நீண்டகாலப் பாரத்தில் முறியாமல் வளைந்து பழகிக்கொள்ளும். காய்ந்த கட்டை அந்த அளவுக்கு வளைந்துகொடுக்காது.

மர வீட்டுக்கு உண்மையான எமன் சாய்வு அல்ல, தண்ணீர். ஓக் உலர்ந்தே இருந்தால் நூற்றாண்டுகள் தாங்கும், நனைந்து காய்ந்துகொண்டிருந்தாலும் தாங்கும். நனைந்தபடியே இருந்தால்தான் உளுத்துப்போகும். அதனால்தான் அடியில் கல் மேடை, மேலே வெளியே நீளும் கூரை, மூச்சு விடும் மண் பூச்சு. 20-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுக்கப் பல பழைய வீடுகளில் மண் பூச்சை எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் அசையாது, மரம் அசையும். இடையில் மயிரிழை அளவு சந்து விழும். மழைத் தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கும், வெளியே வர வழியில்லாமல் மரத்தோடு தங்கும். ஐந்து நூற்றாண்டு தாங்கின கட்டை அதற்குப் பிறகு சில பத்தாண்டுகளில் தூளாகிவிடும். இப்போது பழையபடி சுண்ணாம்புக்கும் மண்ணுக்கும் திரும்பியிருக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் படத்தில் பார்த்த பளிச்சென்ற கறுப்பு வெள்ளை, கட்டியவர்கள் கண்ட நிறம் அல்ல. ஓக்கை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பலாக மாறும். கட்டங்களில் பூசிய சுண்ணாம்பும் பெரும்பாலும் காவி கலந்த மஞ்சள் சாயலில் இருக்கும். மரத்துக்குத் தார் பூசி, சுவரைத் தூய வெள்ளையாக்கும் வழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில், விக்டோரியா காலத்தில் பரவியது. பக்கத்திலுள்ள செஸ்டர் நகரத்தில் சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டடங்களில் பெரும்பகுதி அந்த நூற்றாண்டில்தான் எழுந்தது.

கப்பல் கதையும் கட்டாயம் யாராவது சொல்வார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். இந்த மாதிரி வீடுகளின் உத்தரங்கள் உடைந்த கப்பல்களிலிருந்து வந்தவை என்று இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் சொல்லுவார்கள். உத்தரத்தில் காரணமில்லாத துளைகள் இருப்பதைக் காட்டி, பாருங்கள் கப்பல் மரம் என்பார்கள். அந்தத் துளைகள் பெரும்பாலும் இன்னொரு பழைய வீட்டிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்திய மரத்தின் அடையாளம். பக்கத்துக் காட்டில் ஓக் நிற்கும்போது, கடலோரத்திலிருந்து வளைந்த கப்பல் கட்டையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வர யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. கப்பல் மரத்தில் நிஜமாகவே கட்டிய 'டியூடர்' (எட்டாம் ஹென்றி, எலிசபெத் காலத்துப் பாணி) கட்டடம் ஒன்று உண்டு. லண்டனில் லிபர்ட்டி கடை. இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு போர்க்கப்பல்களை உடைத்து எடுத்த மரத்தில் எழுந்தது. ஆனால் அது 1924-ஆம் வருடத்துக் கட்டடம்.

வீடு இன்றுவரை பெரிதாக மாறாமல் இருப்பதற்குக் கட்டடக்கலை காரணம் அல்ல, வறுமை. 1640-களின் உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். செஷயரில் கை ஓங்கியதோ பாராளுமன்றப் படை. 1643-ல் வீட்டைப் பிடுங்கிச் சிப்பாய்களைத் தங்கவைத்தார்கள். வீடு திரும்பக் கிடைத்தபோது கடன் தலைக்குமேல். 1670-களின் கடைசியில் குடும்பம் அங்கே வசிப்பதையே விட்டுவிட்டுக் குத்தகை விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டது. பணம் இருந்திருந்தால் 18-ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டுச் செங்கல்லில் சீரான ஒரு மாளிகை கட்டியிருப்பார்கள், செஷயரில் பலர் அப்படித்தான் செய்தார்கள். 1847 வாக்கில் வீட்டின் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடந்தது. சன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது, கூரை உளுத்திருந்தது, தேவாலய அறையில் கரி கொட்டி வைத்திருந்தார்கள்.

அதை மீட்டவர் எலிசபெத் மோர்ட்டன், ஒரு கன்னிகாஸ்திரி. 1892-ல் சொத்து அவர் கைக்கு வந்தது. தேவாலய அறையைச் சீர் செய்தார். நீளக்கூடத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளைப் போட்டதும் அநேகமாக அவர்தான். எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, 1912-ல் உறவினரான சார்லஸ் ஆபிரகாம் என்ற பிஷப்புக்கு எழுதிவைத்தார். அவர் ஆறு பென்னி வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விட்டார். 1938-ல் வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்குப் போனது. இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. 1976-ல் வரவேற்பறையின் மரப்பலகைகளைக் கழற்றியபோது, பின்னால் பைபிள் சார்ந்த சுசன்னா கதையின் சுவரோவியம் தெரிந்தது. இன்னும் எந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ.

கடைசிக் கேள்வி: நிமிர்த்தினால் என்ன? முடியாது என்றில்லை. ஜாக்கி வைத்து மரச்சட்டத்தை உயர்த்துவதும் தள்ளுவதும் இன்றைக்குப் பழகிப்போன வேலை. இங்கிலாந்தில் மரச்சட்ட வீடுகளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்திய அருங்காட்சியகங்களே இருக்கின்றன. ஆனால் இந்த வீட்டில் கோணல் வந்த பிறகு நானூறு வருடம் அதற்கேற்ற வேலைகள் நடந்திருக்கின்றன. கதவைச் சாய்வுக்குத் தக்கபடி இழைத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டங்கள் கோணிய சன்னலில் அமர்ந்துவிட்டன. கழுந்துகள் துளைக்குள் திரும்பிய நிலையிலேயே காய்ந்து இறுகிவிட்டன. இப்போது சுவரைச் செங்குத்தாக இழுத்தால் முளைகள் உடையும், கழுந்து கிழியும், சுதை உதிரும். நேரான வீடு கிடைக்கும், பழைய மூட்டு ஒன்றும் மிஞ்சாது. அதனால் சாய்வு மேலும் கூடாமல் பிடித்து வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குறுக்கு விட்டங்களுக்கும் எஃகுக் கம்பிகளுக்கும் அதுதான் வேலை.

உளுத்துப்போன கட்டையை மாற்றும்போதும் முழுக்க எடுப்பதில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்து, நல்ல மரத்தின் நுனியைச் சாய்வாகச் செதுக்கிப் புது ஓக்கை அதில் கோத்து முளை அடிப்பார்கள். எது பழசு, எது புதுசு என்று தெரியும்படியே விடுவார்கள். அந்தப் புதுத் துண்டை மட்டப்பலகை வைத்து நேராக அறுத்துக் கொண்டுபோனால் எங்கேயும் பொருந்தாது. முதலில் அந்த இடத்தின் கோணலை மெல்லிய பலகையில் அப்படியே பிரதி எடுத்து, அதை ஓக்கின்மேல் வைத்துக் கோடிட்டு, கோணலாகவே அறுக்க வேண்டும்.